வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாயா? ஆடியிலேயே வேலையைத் தொடங்குங்கள்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், "நாய் ரொம்பப் பயப்படுது, என்ன மாத்திரை குடுக்கலாம்?" என்று எங்கள் அடுக்குமாடி வாட்ஸப் குழுவில் வருடா வருடம் யாராவது கேட்பார்கள். அந்த நேரத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். டாக்டர் ஊருக்குப் போயிருப்பார். புது மருந்தைக் கொடுத்துப் பார்த்துச் சரிவருமா என்று தெரிந்துகொள்ள நேரம் இருக்காது. தெருவில் லட்சுமி வெடி ஏற்கெனவே தொடங்கியிருக்கும். செய்ய வேண்டியதில் முக்கால்வாசி, ஆடிக்கும் புரட்டாசிக்கும் நடுவில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

எங்கள் வீட்டு மிளகு ஒரு கறுப்பு நாட்டு நாய். அவனோடு அல்லாடித் தெரிந்துகொண்டதை மாத வரிசையில் எழுதுகிறேன். நான் சென்னையில் இருப்பதால் உரிமம், மருத்துவமனை விவரங்கள் சென்னைக்கானவை. மற்றவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

1. ஆடி: பயம் எந்த அளவு என்று பாருங்கள்

ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கியும் கூழ் ஊற்றும் நாளில் போடும் வெடியும் எப்படியும் உண்டு. அதைத் திட்டிக்கொண்டிருப்பதை விட, நாயைக் கவனிக்கக் கிடைத்த வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வாலை இடுக்குவதும் உடம்பு நடுங்குவதும் எல்லோருக்கும் தெரிந்த அறிகுறிகள். அதற்கு முன்பே சின்னச் சின்னதாகச் சில வரும். சாப்பாடு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி வெள்ளை விழி தெரியப் பார்ப்பது, ஏசி அறையிலும் மூச்சிரைப்பது, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நின்றுவிடுவது, திடீரென்று முடி கொட்டுவது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். அதனால் உங்கள் காதில் ஒன்றும் விழாத நேரத்திலும் இவை வரலாம்.

அளவு பார்க்க எளிய வழி, அதற்கு ரொம்பப் பிடித்த தின்பண்டம். சத்தம் கேட்டுத் திடுக்கிட்டாலும் வேகவைத்த கோழித் துண்டை வாங்கித் தின்றால் பயம் கைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். வாயில் வாங்கிக் கீழே போட்டுவிட்டால் நடுத்தரம். கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றிச் சுற்றி நடந்தாலோ, கதவைப் பிறாண்டினாலோ, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போனாலோ, பயிற்சி மட்டும் போதாது, மருந்தும் தேவைப்படும். மிளகு மூன்றாவது வகை. ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில், அவன் உடம்பு நுழையவே முடியாது என்று நாங்கள் நினைத்திருந்த சந்தில், பின்பக்கமாகப் போய்ச் செருகிக்கொள்வான்.

இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக் மேசையில் நாய் வேறு மாதிரி நடந்துகொள்ளும். டாக்டருக்கு நீங்கள் வாயால் சொல்வதை விட அரை நிமிட வீடியோ உதவும்.

2. ஆவணிக்குள் டாக்டரைப் பாருங்கள்

"பயத்துக்கு எதுக்கு டாக்டர், டிரெயினர் போதாதா?" என்று கேட்பார்கள். முதலில் டாக்டர்தான். காரணம் வலி. இத்தனை வருடம் வெடிக்கு அசையாத நாய், ஏழெட்டு வயதில் திடீரென்று பயப்படத் தொடங்கினால் மூட்டு வலியோ இடுப்பு வலியோ இருக்கலாம். சத்தத்துக்குத் திடுக்கிடும்போது தசை இறுகும், வலிக்கும். சத்தம் வந்தால் வலிக்கும் என்று அது முடிச்சுப் போட்டுவிடும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தொடர்பைத்தான் பேசியது. வலியுள்ள நாய்களுக்குச் சத்தப் பயம் வயது கூடியபின் தொடங்கியிருந்தது. வலிக்குச் சிகிச்சை கொடுத்தபோது பயமும் குறைந்தது. வலி இருக்கும்போது எத்தனை பயிற்சி கொடுத்தாலும் பிடிக்காது.

கையில் கொண்டுபோக வேண்டியவை: தடுப்பூசி அட்டை, எடுத்த வீடியோ, இப்போது கொடுக்கும் மருந்துகளின் பட்டியல் (உண்ணி மாத்திரையும் சேர்த்து), பழைய ரத்தப் பரிசோதனை இருந்தால் அது. மருந்து கொடுக்கப் போகிறார் என்றால் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை எடுக்கச் சொல்வது வழக்கம்.

செலவு: தனியார் கிளினிக்கில் பார்ப்பதற்கு ஐநூறு ரூபாயை ஒட்டி, ரத்தப் பரிசோதனைக்கு ஆயிரத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏரியாவுக்கு ஏரியா மாறும். குறைந்த செலவில் முடிக்க வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கட்டணம் குறைவு, பிரிவு பிரிவாக மருத்துவர்கள் உண்டு. ஆனால் கூட்டம். பத்து நாய் குரைக்கும் வரிசையில் பயந்த நாயோடு உட்கார்வது லேசுப்பட்டதல்ல. ஒருவர் சீட்டுப் போட்டு வரிசையில் நிற்கட்டும், இன்னொருவர் நாயோடு வண்டியிலோ மரத்தடியிலோ இருக்கட்டும். தனியாகப் போகாதீர்கள்.

3. காகித வேலை: உரிமம், சிப், கழுத்துப்பட்டை

தீபாவளி இரவில் நாய் ஓடிப்போவது சகஜம். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சென்னை மாநகராட்சி உரிமத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று, உங்கள் புகைப்படம், நாயின் புகைப்படம் வேண்டும். கட்டணம் 50 ரூபாய். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 2025 இறுதியில், நாயின் தோலுக்கு அடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. விண்ணப்பம் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் தடுப்பூசிச் சான்றுதான்: தேதி கலைந்திருக்கும், டாக்டரின் முத்திரை இருக்காது, படம் மங்கலாக இருக்கும். ஊசி போட்ட அன்றே முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சிப் போட்டுவிட்டால் நாய் எங்கே இருக்கிறது என்று போனில் தெரியும் எனப் பலர் நினைக்கிறார்கள். தெரியாது. அது ஓர் எண் மட்டும்தான். யாராவது நாயைப் பிடித்து, ரீடர் வைத்துப் பார்த்தால்தான் உங்கள் பெயர் வரும். ஆகவே கழுத்துப்பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடும் வேண்டும். வீட்டில் இருவர் நம்பரைப் போடுங்கள்.

4. ஒளிந்துகொள்ள ஓர் இடம்

இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், நாய் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருக்கும். கட்டிலுக்கு அடியில், பீரோ பக்கத்தில், குளியலறையில். அங்கேயே ஒரு பழைய போர்வை, தண்ணீர்க் கிண்ணம், உங்கள் வாசம் உள்ள ஒரு லுங்கியோ நைட்டியோ போடுங்கள். ஜன்னலில் கனத்த திரை இருந்தால் வெளிச்ச மின்னல் உள்ளே வராது. சில நாய்களுக்குச் சத்தத்தை விட அந்த மின்னல்தான் பயம். டேபிள் ஃபேன், ஏர் கூலர் மாதிரி ஒரே சீராக இரையும் ஏதாவது ஓடட்டும்.

ஆவணியிலிருந்தே தினமும் அந்த இடத்தில் ஏதாவது தின்னக் கிடைக்க வேண்டும். தீபாவளி அன்று மட்டும் அங்கே கொண்டுபோய் அடைத்தால் அது தண்டனையாகத்தான் தெரியும். கதவைச் சாத்தாதீர்கள், வெளியே வர முடியும் என்று தெரிந்தால்தான் உள்ளே நிம்மதியாக இருக்கும். ஒளிந்திருப்பதைக் காலைப் பிடித்து வெளியே இழுக்கவே கூடாது. நாய் கடித்த கதைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்.

5. சத்தப் பயிற்சி: தினமும் ஐந்து நிமிடம்

இதுதான் அதிக நாள் பிடிக்கும் வேலை. இங்கேதான் நிறையப் பேர் பாதியில் விடுகிறார்கள்.

யூடியூபில் பட்டாசுச் சத்தம் தேடினால் மணிக்கணக்கில் கிடைக்கும். வெளியே உண்மையான வெடி எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, டிவியிலோ ப்ளூடூத் ஸ்பீக்கரிலோ போடுங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி வராது, அது பயன்படாது. முதல் நாள் ஒலி, உங்கள் காதுக்கே கேட்கிறதா இல்லையா என்ற அளவில் இருக்கட்டும். நாயின் காது ஒருமுறை அசையலாம், அவ்வளவுதான். எழுந்து நின்றால் ஒலி அதிகம்.

வரிசை முக்கியம்: முதலில் சத்தம், அடுத்த நொடி கோழித் துண்டு. சத்தம் நின்றால் கோழியும் நிற்க வேண்டும். பலர் கோழியை முதலில் காட்டிவிட்டுச் சத்தத்தைப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் கோழியைப் பார்த்தாலே "ஏதோ வரப்போகுது" என்று நாய் உஷாராகிவிடும். கடைசியில் கோழிக்கும் பயப்படும். பிஸ்கட்டோ தினம் போடும் உலர் உணவோ இதற்கு உதவாது. வேறு எப்போதும் கிடைக்காத பண்டமாக இருக்க வேண்டும். எலும்பில்லாத கோழியை உப்பு, வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்து, சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கி ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்கு வரும்.

சத்தம் வந்ததும் நாய் பயத்தோடு வாசலைப் பார்க்காமல், ஆசையோடு உங்கள் கையைப் பார்க்கும் ஒரு நாள் வரும். அன்றுதான் ஒலியை ஒரு புள்ளி கூட்ட வேண்டும். கூட்டியது ஒத்துவரவில்லையென்றால் இரண்டு புள்ளி இறங்குங்கள். சில நாள் முன்னேற்றமே இருக்காது, பரவாயில்லை. நடுவில் விநாயகர் சதுர்த்தி ஊர்வலமோ சாவு ஊர்வல வெடியோ வந்து நாய் மிரண்டால், இரண்டு மூன்று நாள் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பழைய இடத்துக்கும் கீழேயிருந்து தொடங்குங்கள். ஹாலில் பழகியதும் படுக்கையறையில் போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் "டிவி சத்தம்னா கோழி" என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும்.

சில நாய்கள் ரெக்கார்டிங்கைக் கண்டுகொள்ளாது, நிஜ வெடிக்கு மட்டும்தான் நடுங்கும். மிளகு அப்படித்தான். அதற்கு இன்னொரு வழி: வீட்டில் எதிர்பாராமல் கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு. குக்கர் விசில், மாடிப்படியில் கேஸ் சிலிண்டரை 'டங்'கென்று வைக்கும் சத்தம், மழைக்கால இடி, எதுவானாலும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர் 2020-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வெடி கேட்டதும் தின்பண்டமோ விளையாட்டோ கொடுக்கும் இந்த முறை உதவியதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 70 சதவீதம். மருந்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. வாசனைத் திரவம், சத்து மாத்திரை, மூலிகை வகையறாக்களுக்கு 35 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆன்லைன் கடையில் 'நாய் பயம்' என்று தேடும்போது முதலில் வருவதெல்லாம் இந்தக் கடைசி வகைதான். நாய்க்குப் போடும் இறுக்கமான சட்டை இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. அதற்குப் பழைய பனியனே போதும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அதிக நேரம் போட்டு வைக்காதீர்கள்.

"தடவிக் கொடுத்தால் பயம் கூடும், கண்டுக்காதீங்க" என்று எல்லா ஊரிலும் ஒருவர் சொல்வார். அப்படியெல்லாம் பயம் கூடிவிடாது. பயம் என்பது நாய் வேண்டுமென்றே செய்யும் சேட்டை இல்லையே, பாராட்டினால் வளர. அருகில் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாகத் தடவுங்கள். வராவிட்டால் துரத்திப்போய்த் தடவாதீர்கள். பக்கத்தில் வெடி போட்டுப் 'பழக்கும்' வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

6. மருந்து: புரட்டாசியில் முடிவு செய்யுங்கள்

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோழியையே பார்க்காத அளவுக்குப் பயப்படும் நாய், அந்த நிலையில் எதையும் கற்றுக்கொள்ளாது. மருந்து பயத்தைக் கொஞ்சம் இறக்கினால்தான் பயிற்சி உள்ளே போகும்.

இரண்டு வகை உண்டு. வருடம் முழுக்கப் பதற்றமாகவே இருக்கும் நாய்களுக்கு ஃப்ளுவாக்ஸிடின் மாதிரி தினசரி மாத்திரை. வேலை செய்ய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஐப்பசியில் வரும் தீபாவளிக்கு ஐப்பசியில் தொடங்கிப் பயனில்லை. வெடிக்கு மட்டும் பயப்படுகிறவற்றுக்கு அன்றைக்கு மட்டும் கொடுக்கும் டிராஸடோன், காபாபென்டின், அல்பிராஸோலம் போன்றவை. எது, எவ்வளவு என்பதை நாயின் எடையையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் அளவு எழுதப் போவதில்லை. யாராவது வாட்ஸப்பில் எழுதினால் பின்பற்றாதீர்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை:

ஒன்று, வெள்ளோட்டம். வெடி இல்லாத ஒரு சாதாரண நாளில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது, ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். எத்தனை நேரத்தில் வேலை செய்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, தள்ளாடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். சில நாய்களுக்கு எதிர்மாறாகப் படபடப்பு கூடும். தீபாவளி இரவில் அதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

இரண்டு, நேரம். இந்த மருந்துகளில் பலவற்றை வெடி தொடங்குவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். நம் ஊரில் நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு சரவெடி ஆரம்பித்துவிடும். கணக்குப் போட்டால் விடியற்காலை இரண்டு மணிக்கு அலாரம். அடுத்த வேளை எப்போது, கொடுத்ததைக் கக்கிவிட்டால் என்ன செய்வது என்பதையும் மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

மூன்று, மருந்துக் கடை. இவை மனித மருந்துக் கடையில் வாங்குபவை. அல்பிராஸோலம், கட்டுப்பாடு அதிகமுள்ள எச்1 மருந்துப் பட்டியலில் இருப்பதால் கடைக்காரர் சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கால்நடை மருத்துவர் சீட்டு என்றதும் தயங்கும் கடைகள் உண்டு. சீட்டில் தேதி, உங்கள் பெயர், நாயின் எடை, மருந்தின் பொதுப்பெயர், டாக்டரின் பதிவு எண், முத்திரை எல்லாம் இருந்தால் பிரச்சினை குறையும். மாத்திரைக்குப் பதில் சிரப் கொடுத்தால் வாங்காதீர்கள். காபாபென்டின் திரவங்கள் சிலவற்றில் சைலிடால் என்னும் இனிப்பு உண்டு, அது நாய்க்கு விஷம்.

நான்கு, 'தூக்க ஊசி'. ஒரு கிளினிக்கில் மிளகுக்கு, "இது போட்டா அசையாம படுத்திருக்கும்" என்று போட்டு அனுப்பினார்கள். அசையாமல்தான் படுத்திருந்தான். கண் அகல விரிந்திருந்தது. ஒவ்வொரு அணுகுண்டுக்கும் இமை துடித்தது. எழுந்து ஓடக் காலில் தெம்பில்லை. ஏசிப்ரோமசின் போன்றவற்றைத் தனியாகக் கொடுத்தால் உடம்பு அடங்கும், பயம் அடங்காது. ஊசி போடுகிறேன் என்றால், "இது பயத்தைக் குறைக்குமா, உடம்பை மட்டும் அடக்குமா?" என்று கேளுங்கள். வீட்டில் இருக்கும் அவில், இருமல் சிரப், தாத்தாவின் தூக்க மாத்திரை எதையும் தொடாதீர்கள்.

7. தீபாவளி வாரம்

ஜன்னல் வலை, கேட் தாழ்ப்பாள், பால்கனி கம்பி இடைவெளி எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கழுத்துப்பட்டையோடு, மார்பைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸும் மாட்டி, இரண்டிலும் கயிறு இருக்கட்டும். பின்பக்கமாக இழுத்து உருவிக்கொள்ளும் நாய்க்கு ஒற்றைப் பட்டை ஒரு நொடிகூடத் தாங்காது. கோழி ஃப்ரீசரில் இருக்கட்டும். டாக்டர் எந்தெந்த நாள் இருப்பார், இல்லாவிட்டால் யார் என்று கேட்டு வையுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் "வெடிக்காதே" என்றால் நடக்காது. "எத்தனை மணிக்கு வெடிப்பீங்க, பத்தாயிரம் வாலாவை மட்டும் அந்தக் கோடியில வெடிங்கடா" என்றால் பெரும்பாலும் கேட்பார்கள்.

8. அன்றைக்கு

உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் அரசு கொடுத்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. காகிதத்தில் அப்படித்தான். தெருவில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அதை நம்பி மருந்து நேரத்தை வைக்காதீர்கள். ஓய்வான இடைவெளி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். எல்லோரும் தூங்கும் அந்த இரண்டு மணி வாக்கில் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். முந்தின நாள் மாலை இருட்டுவதற்கு முன்பே நடையும் சாப்பாடும் முடிந்திருக்கட்டும்.

தனியாக விடாதீர்கள். மொட்டை மாடியில் கட்டாதீர்கள். காதில் பஞ்சைத் திணித்தால் தலையை உதறித் தள்ளிவிடும், உள்ளே போனது உள்ளேயே தங்கினால் இன்னொரு தொல்லை. விருந்தாளி வரும்போது வாசல் கதவு திறக்கும் நொடிதான் நாய் ஓடும் நொடி. நாய் இருக்கும் அறைக்கும் வாசலுக்கும் நடுவில் இன்னொரு கதவு சாத்தியிருக்க வேண்டும். பலகாரத் தட்டு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். திராட்சை போட்ட கேசரியும் சாக்லேட்டும் நாய்க்கு ஆகாது.

குழந்தைகளை அதன் மறைவிடத்துப் பக்கம் விடாதீர்கள். பயந்த நாய் யாரையாவது கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயே ஆனாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

9. ஓடிவிட்டால்

பெயரைச் சொல்லி உரக்கக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினால் இன்னும் தூரம் போகும். முதலில் உங்கள் தெருவில் நிறுத்தியிருக்கும் கார்களுக்கு அடியில், கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களில், படிக்கட்டுச் சந்துகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்டதும் பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்கார்ந்து கோழியைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் வெடி ஓய்ந்த நள்ளிரவுக்குப் பிறகு மறுபடி போங்கள். அப்போதுதான் வெளியே வரும். முகமும் உடம்பு அடையாளமும் தெரியும் படத்தைக் குடியிருப்புக் குழுக்களில் போடுங்கள். மாநகராட்சியின் 1913 புகார் எண், விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ், பக்கத்து கிளினிக்குகள் எல்லாவற்றுக்கும் சொல்லி வையுங்கள். இரவுக் காவலாளிகளையும் இட்லிக் கடைக்காரர்களையும் விடாதீர்கள். யார் வீட்டு நாய் எங்கே படுத்திருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

10. அதற்குப் பிறகு

அடுத்த சில நாள் புதிதாக எதுவும் வேண்டாம். குளியல், நகம் வெட்டு, டிரெயினர் எல்லாம் ஒரு வாரம் தள்ளட்டும். நடையைச் சுருக்கி, அமைதியான தெருவில் போங்கள். இரண்டு நாளைக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எப்போது வேலை செய்தது, எந்தச் சத்தத்துக்குச் சமாளித்தது, எதற்கு முடியவில்லை என்று அன்றே எழுதி, சீட்டின் பின்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். சீக்கிரமே கார்த்திகை தீபம் வந்துவிடும், அதன் பின்னாலேயே ஜனவரி ஒன்று. மீதி மாத்திரை கையில் இருந்தாலும் அதற்கு முன் டாக்டருக்கு ஒரு போன் போட்டு, எழுதி வைத்ததைப் படித்துக் காட்டி, அளவை மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.